கச்சான் வேரிலிருந்து நெற்சந்தை வரை: கூர்ப்பு அறிவியலை வைத்துச் சந்தைச் சுதந்திரத்துக்கு வாதாடும் முறை

சந்தையை அதன் போக்கில் விடுவதா, அரசாங்கம் பிடித்து நடத்துவதா என்ற கேள்வி இலங்கையின் வன்னியில் உயர்தர வகுப்பு விவாதத்திலும் எழும், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புக் கூட்டம் கலைந்த பிறகு மரத்தடியிலும் எழும். சந்தைச் சுதந்திரத்தின் பக்கம் நிற்பவர்கள், லிபர்டேரியன் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், கூர்ப்பு அறிவியலைத் துணைக்கு அழைப்பது உண்டு. (கூர்ப்பு என்பது எங்கள் பாடநூற் சொல். தமிழ்நாட்டு வாசகர் பரிணாமம் என்று கொள்க.) நன்றாகக் கையாண்டால் அது உறுதியான துணை. பிழையாகக் கையாண்டால் முதல் இரண்டு நிமிடத்திலேயே சபை உங்களை விட்டுப் போய்விடும். எந்த இடத்தில் அது தாங்கும், எந்த இடத்தில் முறியும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் விடவேண்டிய வாக்கியம்

"வலியது பிழைக்கும், நலிந்தது அழியும், சந்தையும் அப்படித்தான்." இப்படிப் பேச்சைத் தொடங்கவே வேண்டாம். அந்தத் தொடர் டார்வின் உண்டாக்கியதல்ல. 1864இல் ஹேர்பேர்ட் ஸ்பென்சர் உண்டாக்கியது. டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற தன் நூலில், 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான், அதைச் சேர்த்தார். அங்கே அதன் பொருள் பலசாலி என்பதல்ல, சூழலுக்குப் பொருந்தியது என்பதே. நுவரெலியாவின் தேயிலைச் செடி வவுனியா வெயிலில் கருகும், நாகதாளி நிற்கும். இதில் மேன்மை கீழ்மை ஒன்றும் இல்லை. 2009க்குப் பிறகு முகாமிலிருந்து தறப்பாளும் கையுமாக ஊர் திரும்பிய சனத்தின் முன்னால் "நலிந்தது அழியும்" என்று ஒருவர் சொன்னால் அது கொடுமை. அறிவியலாகவும் அது பொய்.

இந்தப் பிழைக்கு வேர், "இயற்கையில் இப்படி இருக்கிறது, ஆகவே இதுவே சரி" என்று தாவுவது. உள்ளது ஒன்றிலிருந்து இருக்கவேண்டியது தானாகப் பிறக்காது என்று மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1740இலேயே காட்டிவிட்டார். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் உங்கள் அறக்கூற்றை எழுதுங்கள்: "தன் உழைப்பில் விளைந்த நெல்லைத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமை ஒருவருக்கு இருக்கவேண்டும்." வலப்பக்கம் உண்மைக்கூற்று: "விலகிப்போக வழியுள்ள இடத்தில் ஏமாற்றுவது குறைகிறது." இடப்பக்கத்தை எந்த ஆய்வுகூடமும் நிரூபித்துத் தராது. அதை நீங்களே உங்கள் பெயரில் சொல்லி நிற்கவேண்டும். கூர்ப்பு வேலை செய்வது வலப்பக்கத்தில் மட்டும். பேச்சை எழுதி முடித்தபின் இடப்பக்கம் வெறுமையாக இருந்தால், ஓர் அறக்கூற்றை அறிவியல் என்று சொல்லி உள்ளே கடத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எதிரணியில் விசயம் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்த இடத்தில்தான் கை வைப்பார்.

வாதத்தின் முதுகெலும்பு: விலகிப்போகும் உரிமை

சந்தைக்காகக் கூர்ப்பிலிருந்து எடுக்கக்கூடிய ஆகப் பலமான வாதம் போட்டியைப் பற்றியது அல்ல, கூட்டாளியைத் தெரிவுசெய்வது பற்றியது. 1994இல் ரொனால்ட் நோ, பீற்றர் ஹமர்ஸ்ரைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு "உயிரியற் சந்தை" என்று பெயர் வைத்தார்கள். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவும்போது எது யாரோடு சேர்வது என்ற தெரிவு இருந்தால், கேள்வியும் நிரம்பலும் (தேவையும் வழங்கலும்) அங்கேயும் வேலை செய்யும் என்பது அவர்கள் கருத்து.

இதைச் சொல்ல வெளியூர் உதாரணம் தேடத் தேவையில்லை. விதைத்து 40, 50 நாளான ஒரு கச்சான் (நிலக்கடலை) செடி போதும். செடியைப் பிடித்து இழுக்காதீர்கள், முடிச்சுகள் மண்ணுக்குள் அறுந்துபோகும். சுற்றிவரத் தோண்டி மண்ணோடு எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். வேரில் மிளகிலும் சிறிய முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது வேலை செய்யும் முடிச்சு: உள்ளே இருக்கும் பற்றீரியா காற்றின் நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது, செடி அதற்குச் சீனி கொடுக்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் அந்த முடிச்சில் வேலை நடக்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி. பற்றீரியா சீனியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் என்ன? 2003இல் டோபி கியேர்ஸ் குழுவினர் சோயாவில் அதைச் செய்து பார்த்தார்கள். முடிச்சைச் சுற்றியிருந்த காற்றில் நைதரசனை எடுத்துவிட்டு ஆர்கனை நிரப்பினார்கள். பற்றீரியாவால் எதையும் கொடுக்க முடியாமல் போனது. செடி அந்த முடிச்சுக்கான ஒட்சிசனைக் குறைத்தது. அங்கிருந்த பற்றீரியாவின் பெருக்கம் ஏறத்தாழப் பாதியானது. செடிக்கு மூளை இல்லை, சட்டம் இல்லை, பரிசோதகர் இல்லை. கொடுக்கிறவருக்குக் கொடுத்து, கொடுக்காதவரிடமிருந்து கையை எடுக்கும் வழி மட்டும் இருந்தது. (சோதனை நடந்தது சோயாவில். கச்சானை நீங்கள் காட்டுவது முடிச்சைக் கண்ணால் பார்ப்பதற்கு. இந்த வேறுபாட்டைச் சபையில் சொல்லிவிடுங்கள்.)

கரையோரச் சபை என்றால் மீனை எடுங்கள். பவளப்பாறைகளில் சுத்திகரிப்பு மீன் ஒன்று இருக்கிறது. பெரிய மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்பது அதன் தொழில். ஆனால் அதற்கு உண்மையில் பிடித்தது மற்ற மீனின் தோலில் இருக்கும் சளி. அதைக் கடித்தால் அது களவு. ரெடோவான் ப்ஷாரி என்ற ஆய்வாளர் கவனித்தது இதுதான்: பல பாறைகளுக்குப் போய்வரக்கூடிய பெரிய மீன் வந்தால் முதலில் அதைக் கவனிக்கிறது, நன்றாகச் செய்கிறது. அந்த ஒரு பாறையை விட்டு வேறெங்கும் போகமுடியாத சிறிய மீன் வந்தால் காக்க வைக்கிறது. அதே மீன், அதே தொழில். வாடிக்கையாளருக்கு வேறு இடம் போக வழி இருக்கிறதா என்பதே நடத்தையை மாற்றுகிறது.

இனி நெல்லுக்கு வாருங்கள். உங்கள் பேச்சின் மையம் இதுதான், அரைவாசி நேரத்தை இதற்குக் கொடுங்கள். அரிவுவெட்டுக் காலத்தில் வரம்போரத்தில் லொறியோடு நிற்கும் வியாபாரியிடம் விலகிப்போக முடியாத சிறிய மீனாகத்தான் பல கமக்காரர் நிற்கிறார்கள். "சந்தை சுதந்திரமாகத்தானே இருக்கிறது" என்று பொதுப்படச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். விலகிப்போவதை எது தடுக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டவேண்டும். முதலாவது ஈரம். மெசினால் வெட்டிய நெல் பெரும்பாலும் 20 சதவீத ஈரத்தை ஒட்டியே இருக்கும், வைத்திருந்தால் பழுதாகும். காயப்போடத் தளம் இல்லாதவருக்கு அன்றைக்கே விற்பதைத் தவிர வழியில்லை. அடுத்தது கடன். விதைநெல்லுக்கும் பசளைக்கும் அதே வியாபாரியிடம் முற்பணம் வாங்கியிருந்தால், விலை பேச முன்னரே விலை முடிந்துவிட்டது. மூன்றாவதாகக் களஞ்சியம் இல்லாததும் தார் போடாத உள்றோட்டும்.

கணக்கையும் காட்டுங்கள். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் காய்ந்த பகுதி 80 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 80ஐ 0.86ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 93 கிலோ வரும். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்தபடி 14 சதவீத ஈரமுள்ள 'நாடு' இன நெல்லுக்குக் கிலோ 120 ரூபா. 93 கிலோவுக்கு 11,160 ரூபா. ஆகவே வரம்போரத்தில் ஈரநெல்லுக்குக் கிலோ 111 ரூபா 60 சதம் கிடைத்தால், காயவைக்கும் கூலியைச் சேர்க்காமலே, இரண்டும் ஒன்றுதான். வியாபாரி 108 கேட்டால் அவரைக் கொள்ளைக்காரர் என்று சொல்ல முடியாது. 90 கேட்டால் அந்த இடைவெளி, விலகிப்போக வழியில்லாததற்குக் கமக்காரர் கொடுக்கும் தண்டம். இப்படிப் பிரித்துக் காட்டினால், காயப்போடும் தளமும் இரண்டாவது லொறியும் விலைக்கட்டுப்பாட்டை விடப் பெரிய காவல் என்பதைச் சபை தானே கண்டுகொள்ளும்.

"அப்படியென்றால் நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவதை எதிர்ப்பீர்களா?" என்று கேட்பார்கள். அரசாங்கம் இன்னொரு கொள்வனவாளராக வந்து நிற்பது வேறு, மற்றக் கொள்வனவாளரைத் தடுப்பது வேறு. முன்னது விலகிப்போக ஒரு வாசலைக் கூட்டுகிறது. பின்னது இருக்கிற வாசலைப் பூட்டுகிறது. கடும்போக்கு லிபர்டேரியன்கள் முன்னதையும் ஏற்கமாட்டார்கள். வரிப்பணம் யாருடையது என்று கேட்பார்கள். ஆனால் கூர்ப்பு வாதம் உங்களைக் கொண்டுபோய் விடுவது பின்னதை எதிர்க்கும் இடத்தில்தான். அதற்கு அப்பால் போக வேறு வாதம் வேண்டும். தராசுப் பரிசோதனையையும் எதிர்க்கவேண்டாம். கள்ள நிறை பிடிபடும் என்ற பயம் இருந்தால்தான் நல்லவரைத் தெரிந்தெடுப்பதற்கு அர்த்தம் உண்டு.

திட்டமிடுபவர் இல்லாத ஒழுங்கு

இரண்டாவது வாதம் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததே. டார்வின் 1838இல் மால்தசின் சனத்தொகை நூலை வாசித்தபோதுதான் இயற்கைத் தேர்வின் சாவி அவருக்குக் கிடைத்தது. பொருளியலிலிருந்து உயிரியலுக்கு வந்த கடன் அது. வடிவமைப்பவர் இல்லாமல் கண் உருவாகலாம் என்றால், தலைமைத் திட்டம் இல்லாமல் சந்தையும் ஒழுங்காகலாம். பொருளியலாளர் பிரெட்றிக் ஹயெக் 1945இல் எழுதிய கட்டுரை இதற்கு உயிர்நாடி: யாருக்கு என்ன தெரியும் என்பது ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது, எந்த ஓர் அலுவலகத்தாலும் அதை ஒன்றாகத் திரட்ட முடியாது, விலை அதைச் சுமந்து வருகிறது. தம்புள்ளை மொத்தச் சந்தையில் பூசணி விலை ஏறினால், ஏன் ஏறியது என்று தெரியாமலே வன்னியின் விசுவமடுக் கமக்காரர் நாளைக்குப் பிடுங்குவதா நாலு நாள் விடுவதா என்று முடிவெடுக்கிறார்.

உதாரணத்துக்கு 2021 மே மாதத்தில் வந்த இரசாயனப் பசளை இறக்குமதித் தடையை எடுங்கள். இயற்கைத் தேர்வு நடக்க வேறுபாடு வேண்டும். பத்துப் பேர் பத்து விதமாகச் செய்து, தோற்றதைக் கைவிட்டு, வென்றதைப் பின்பற்றுவதுதான் அதன் வழி. நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே முறைக்கு மாறு என்றால் ஒப்பிட்டுப் பார்க்கவே ஆள் இல்லை. பிழைத்தால் எல்லாரும் சேர்ந்து பிழைக்க வேண்டும், விழுந்தால் எல்லாரும் சேர்ந்து விழ வேண்டும். அடுத்த காலபோகத்தில் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. ஒன்றைக் கவனமாகச் சொல்லுங்கள்: சேதனப் பசளை (இயற்கை உரம்) கெட்டது என்பதல்ல உங்கள் வாதம். ஒரு கமக்காரர் தன் இரண்டு ஏக்கரில் அரை ஏக்கரைச் சேதனத்துக்கு விட்டுப் பார்க்கும் உரிமையையும் அந்தக் கட்டளை பொருளற்றதாக்கியது என்பதே வாதம்.

இன்னொரு உதாரணம் வன்னிக்கே உரியது. 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் சில துளி பெற்றோல் காட்டி எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பற்றரி இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். எந்தத் திணைக்களமும் அதை வடிவமைக்கவில்லை. ஒருவர் செய்து பார்த்தார், புகைத்து நின்றதை மற்றவர் திருத்தினார், ஓடியதை ஊர் பார்த்துச் செய்தது. மாறுபாடு, தேர்வு, பரவல் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. அந்தக் காலத்தின் துயரத்தைச் சாதனையாக்கிப் பேசிவிடாதீர்கள். தடையை விதித்தது மேலிருந்து வந்த கட்டளை, வழியைக் கண்டது கீழிருந்த கைகள். அவ்வளவைச் சொன்னால் போதும்.

உயிரியலோடு சந்தை பொருந்தாத இடம் ஒன்றும் உண்டு. விகாரம், அதாவது மரபணுவில் நேரும் மாற்றம், கண்ணில்லாமல் நடக்கும், வியாபாரி கண்ணைத் திறந்து யோசித்துச் செய்வார். இதை எதிரணி சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பொருளியலாளர் ஆர்மன் அல்சியன் 1950இலேயே இதற்கு விடை எழுதினார்: யோசித்துச் செய்தாலும் கண்மூடிச் செய்தாலும், கையில் மிஞ்சுவது உண்டா இல்லையா என்ற வடிகட்டல் இருவருக்கும் ஒன்றே.

மனித மனம் ஏன் சந்தையைச் சந்தேகிக்கிறது என்ற மூன்றாவது வாதமும் உண்டு: சிறு கூட்டமாக வாழ்ந்த காலத்து மனம், ஒருவர் பெற்றால் இன்னொருவர் இழந்தார் என்றே எண்ணும் என்பது. உண்மை இருக்கலாம். ஆனால் "உங்கள் மூளை கற்காலத்து மூளை" என்று சபையிடம் சொல்வதாகவே அது கேட்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். "மனிதன் இயல்பில் வியாபாரி அல்ல" என்று யாரும் சொன்னால் மட்டும் மாந்தையை நினைவூட்டுங்கள். மன்னார்க் கரையில் அந்தத் துறைமுக மண்ணில் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்துக் கிராம்பு ஒன்று கிடைத்திருக்கிறது. கிராம்பின் தாய்மண் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள்.

நிச்சயம் வரும் மூன்று எதிர்ப்புகள்

வயதான கமக்காரர் ஒருவர் எழும்புவார். "தம்பி, சிறிமா காலத்தில வெளிமிளகாய் வரேல்ல. விசுவமடுவில மிளகாய் போட்டுத்தான் நாங்கள் கல்வீடு கட்டினது. எழுபத்தேழில திறந்துவிட்டாங்கள், விழுந்தம். உன்ர கூர்ப்பு இதுக்கு என்ன சொல்லுது?"

விடையை "ஓம் ஐயா, நீங்கள் சொல்லுறது உண்மை" என்றே தொடங்குங்கள். ஏனென்றால் அது உண்மை. சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில், 1970 முதல் 1977 வரை, மிளகாய், வெங்காய இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வடக்குக் கமக்காரர் நன்றாக வாழ்ந்தார்கள். பிறகு அதே காலத்தின் மறுபக்கத்தைச் சொல்லுங்கள். அதே அரசாங்கம்தான் நெல்லை வேறு யாருக்கும் விற்கவிடாமல் தடுத்தது, அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக அளவு வைத்தது, றோட்டில் மறித்துப் பார்த்தது. பாணுக்கு வரிசையில் நின்றவர்களும் எங்கள் சனந்தான். மிளகாயில் வந்த லாபம் கல்வீடாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் நாடெங்கும் சிதறியிருந்ததால் தெரியவில்லை. இன்னொன்று: ஒரே கையெழுத்தில் வந்த பாதுகாப்பு ஒரே கையெழுத்தில் போனது. அந்தக் கையெழுத்தில் தங்கியிருக்கப் பழகிய பிறகு மாற அவகாசம் கொடுக்கவில்லை. திறந்த வேகத்தைக் கண்டிப்பதும் திறந்ததை ஆதரிப்பதும் முரண் அல்ல. இந்த இடத்தில், எதிரி இல்லாத தீவில் பறக்க மறந்து அழிந்த டோடோப் பறவையை உவமை சொல்ல ஆசை வரும். சொல்லாதீர்கள். உழைத்து வாழ்ந்தவரை அழிந்த பறவையோடு ஒப்பிட்ட பிறகு அவர் எதையும் கேட்கமாட்டார்.

இரண்டாவது எதிர்ப்பு மயில். உங்கள் வயலிலேயே நிற்கிறது. நீண்ட தோகை ஒரு மயிற்சேவலுக்கு இணை தேடித் தரும். எல்லாச் சேவலும் நீட்டினால் எல்லாருக்கும் சுமைதான் மிச்சம். றொபேர்ட் பிராங் என்ற பொருளியலாளர் 2011இல் இந்த வழியில்தான் சந்தைவாதிகளை மடக்கினார்: தனியாளின் போட்டி எப்போதும் கூட்டத்துக்கு நன்மை என்று டார்வின் சொல்லவில்லை. கலியாணச் செலவைப் பாருங்கள், அவர் சொல்வது புரியும். மறுக்க முயலாதீர்கள், முடியாது. மற்றவரை முந்துவதற்காக மட்டுமே செய்யும் செலவுக்கு அவர் வாதம் பொருந்தும், நெல்லுக்கும் பசளைக்கும் பொருந்தாது என்று எல்லை போடுங்கள்.

மூன்றாவது கடலும் குளமும். இழுவைமடி வலை கடலடியை வாரிக்கொண்டு போகிறது. அந்த மீனவருக்கு அது லாபம், கடலுக்கு அழிவு. இலங்கையில் 2017இல் சட்டம் அதைத் தடைசெய்தது. மீன் யாருடைய சொத்தும் இல்லை, விலகிப்போக இன்னொரு கடலும் இல்லை. ஆகவே உங்கள் முதுகெலும்பான வாதம் இங்கே நிற்காது, நிற்கும் என்று சொல்லவும் வேண்டாம். அதற்காக உடனே எல்லாவற்றையும் அரசிடம் ஒப்படைக்கவும் வேண்டியதில்லை. 2009இல் நோபல் பெற்ற எலினோர் ஒஸ்றொம், பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் தாங்களே விதி வைத்து, தாங்களே கண்காணித்து, மீறியவரைப் படிப்படியாகத் தண்டித்துக் காத்த இடங்களை உலகெங்கும் ஆராய்ந்தார். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை அளந்து, இத்தனை ஏக்கர்தான் விதைப்பது என்று கூட்டத்தில் கையுயர்த்தி முடிவெடுக்கும் ஊருக்கு இதை விளக்க அதிகம் பேசத் தேவையில்லை.

புளியங்கொட்டை ஆட்டம்

பேச்சை விட இது அதிகம் பிடிக்கும். எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு அட்டை (ஒன்றில் "கொடு", மற்றதில் "பறி"), 400 புளியங்கொட்டை, ஆறு பக்கமுள்ள ஒரு தாயக்கட்டை. இருவர் இருவராக இருத்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே நேரத்தில் அட்டையைக் காட்டவேண்டும். இருவரும் "கொடு" என்றால் ஆளுக்கு 3 கொட்டை. இருவரும் "பறி" என்றால் ஆளுக்கு 1. ஒருவர் கொடுக்க மற்றவர் பறித்தால் பறித்தவருக்கு 5, கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை. ரொபேர்ட் அக்செல்றொட் கணினி நிரல்களை மோதவிட்ட போட்டியில் வைத்த புள்ளிகளும் இவைதான்.

எத்தனை சுற்று என்று முன்கூட்டிச் சொன்னால் ஆட்டம் கெடும். கடைசிச் சுற்றில் எல்லாரும் பறிப்பார்கள், அது தெரிந்ததால் அதற்கு முந்திய சுற்றிலும் பறிப்பார்கள். அதனால் ஒவ்வொரு சுற்று முடியவும் கட்டையை உருட்டுங்கள், 6 விழுந்தால் முடிவு. சராசரியாக ஆறு சுற்று போகும். மூன்றுக்குள் முடிந்தால் மறுபடி தொடங்குங்கள். சகோதரங்களையும் மச்சான் மச்சாளையும் சோடியாக்காதீர்கள். சொந்தத்துக்குள் பறிக்கக் கை வராது, அது வேறொரு விதி.

இரண்டாம் ஆட்டத்தில் ஒரே ஒரு மாற்றம்: சுற்று முடிந்ததும் விரும்பியவர் எழுந்து, எழுந்து நிற்கும் இன்னொருவரோடு சேரலாம். கடைசியாகக் காட்டிய அட்டையை எல்லாரும் பார்க்கும்படி மேசையில் விட்டுவைக்க வேண்டும். சோடி கிடைக்காதவருக்கு அந்தச் சுற்றில் 1 கொட்டை. இதை வைக்காவிட்டால் தனித்து நிற்கப் பயந்து யாரும் எழும்பமாட்டார்கள், பறிப்பவரோடே இருந்துவிடுவார்கள். இரண்டு ஆட்டத்திலும் யார் கையில் எத்தனை என்று கரும்பலகையில் பக்கத்துப் பக்கமாக எழுதுங்கள், எழுதிவிட்டு விளக்கம் சொல்லாமல் சற்றுப் பொறுத்திருங்கள். முதல் ஆட்டத்தில் அதிகம் பறித்தவர் இரண்டாவதில் எந்தச் சுற்றிலிருந்து தனியாக இருந்தார் என்பதைச் சபையிலிருந்தே ஒருவர் எண்ணிச் சொல்வார்.